வாசல் திரையில் ஆர்மடில்லோ

எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு இரண்டு தலையணை உறைகள் கட்டாயம் போகும். அவற்றில் ஒரு ஜோடி அன்னம் கழுத்தோடு கழுத்து சேர்த்து நிற்கும். அன்னம் வேண்டாமென்றால் மயில், மயில் வேண்டாமென்றால் மான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அந்த உறைகளில் பல என் அம்மா தைத்தவை.

நாங்கள் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா அங்கே வெல்டர். டாங்குகளுக்குத் தகடு பொருத்துகிற பிரிவில் வேலை. அவரும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள்; நான் பிறப்பதற்கு முன்பே இங்கே வந்துவிட்டவர்கள். நான் ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சார ஸ்விட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் படம் எடுத்துக் கொடுப்பேன். அவளிடமிருந்த நாலைந்து டிசைன் புத்தகங்களிலிருந்து கார்பன் தாள் வைத்துத் துணியில் இறக்குவேன். அவள் அதன்மேல் தைப்பாள். எனக்கு நன்றாக வரைய வரும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு நகல் எடுக்க மட்டுமே வந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அம்மா தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஏதோ பரவுவதைப் பார்த்தேன். அன்னத்தின் அலகுக்கு நூல் மாற்றியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போனால் ரத்தம். துணிக்கு அடியில் இருந்த இடது கைச் சுண்டுவிரலையும் சேர்த்து ஒரு தையல் போட்டிருந்தாள். நூல் தோலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது.

“அம்மா, கை!” என்று கத்தினேன்.

அவள் விரலைத் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. “ஒண்ணும் தெரியலையேட்டி” என்றாள்.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் அவள் முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய திட்டைப் பஞ்சால் தொட்டுத் தொட்டு, “தெரியுதா, தெரியுதா?” என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா ஒரு தடவைகூடத் தெரிகிறது என்று சொல்லவில்லை. காது மடலைக் கீறி எடுத்துச் சோதித்தார்கள். தொழுநோய் என்றார் டாக்டர். கூடவே இன்னும் சிலவற்றையும் சொன்னார். இது குணமாகிவிடும். புது மருந்துகள் வந்திருக்கின்றன. இரண்டு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். மருந்தை ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்கு ஒட்டாது. அப்பாவுக்கு அந்த முதல் சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, “யாருக்கும் தெரியக் கூடாது” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

தெரியாமல் இருக்குமா? அந்த மருந்துகளில் ஒன்று தோலைக் கறுக்கவைக்கும். சில மாதங்களில் அம்மாவின் முகமும் கைகளும் செம்மை கலந்த கறுப்பாகிவிட்டன. கேட்டவர்களிடம் அப்பா வெயில் என்றார். மாதம் ஒருமுறை தொழுநோய் ஆய்வாளர் ஒருவர் சைக்கிளில் வந்து, தன் கண் முன்னால் அம்மாவை மாத்திரை விழுங்கவைத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். எங்களுக்காகவே சைக்கிளைத் தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்திவிட்டு மீதி தூரம் நடந்து வருவார். ஆனால் அவர் யாரென்று அந்த வட்டாரம் முழுக்கத் தெரியும். சைக்கிளை எங்கே நிறுத்தினால் என்ன?

முதலில் ஒரு ஜோடித் தலையணை உறை திரும்பி வந்தது. பட்டாபிராமிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தார். போன வாரம்தான் சிரித்த முகத்தோடு வாங்கிப் போயிருந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே தரையில் வைத்தார். “எங்க வீட்டுல வேண்டாம்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். அதிலிருந்த அன்னங்களை இரண்டு நிமிஷம் பார்த்தாள். பிறகு எங்கள் அழுக்குத் தலையணைகளின் உறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அவற்றை மாட்டினாள். “நாம படுத்துக்கிடுவோம். கல்யாணப் பொண்ணுதான் அன்னத்துமேல தலை வைக்கணுமா?” என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் தைக்கக் கொடுக்கவில்லை. கோயிலில் நாங்கள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் வழக்கம்போல வாசலில் நின்று பேசுவாள். அவள் திருவேற்காட்டுக்காரி, அவள் புருஷனும் அப்பாவும் ஒரே ஷிஃப்ட். அவளுக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைத்தேன்.

ஒரு மாதம் ஆய்வாளர் வந்திருந்தபோது, மாத்திரையை விழுங்கிவிட்டு அம்மா அவரிடம் வெடித்தாள்.

“சார், உலகத்துல இது மனுசனுக்கு மட்டுந்தான் வரணுமா? ஒரு ஆட்டுக்கு, ஒரு மாட்டுக்கு வரக் கூடாதா? அப்படி வந்தா ஊரே ஓடி வந்து வைத்தியம் பாக்கும்லா?”

அவர் சிரிக்கவில்லை. “ஒரு பிராணிக்கு வரும்மா” என்றார். “அமெரிக்காவுல இருக்கு. ஆர்மடில்லோன்னு பேரு. இந்தக் கிருமியைச் சோதனைக் குழாயில போட்டு வளர்க்கவே முடியலை. அந்தப் பிராணியோட உடம்பு கொஞ்சம் குளிர்ச்சி, அதுக்குள்ளதான் வளர்ந்துது. இன்னிக்கி ஆராய்ச்சியெல்லாம் அதை வெச்சுத்தான் நடக்குது.”

அடுத்த மாதம் அவர் தன் பயிற்சிக் காலத்துப் பழைய கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பக்கவாட்டில் நிற்கும் ஒரு பிராணி. பன்றி மாதிரி மூக்கு, கழுதை மாதிரி காது, முதுகெல்லாம் ஓடு. ஓட்டின் நடுவில் பட்டை பட்டையாக மடிப்பு, எண்ணினால் ஒன்பது. கீழே ஆங்கிலத்தில் சில வரிகள். நான் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னேன். அது ஒரு தடவையில் நாலு குட்டி போடுமாம். நாலும் அச்சு ஒன்றுபோல இருக்குமாம்.

அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அழகா இருக்கே” என்றாள்.

எனக்கு அழகாகத் தெரியவில்லை. இன்றைக்கும் யாராவது அது விகாரம் என்றால் முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று ஒப்புக்கொள்வேன். அவள் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “இதைப் பெருசா வரைஞ்சு தா. வாசலுக்குத் திரை தைக்கப் போறேன்” என்றாள்.

“இதையா? வாசல்லயா?”

“பின்னே? அன்னத்தை எவ பாத்திருக்கா? பாக்காத பறவையத் தச்சுத் தந்தப்ப எல்லாரும் வாங்கிட்டுத்தானே போனாங்க. இது நெசமாவே உயிரோட இருக்கு. எனக்கு வந்தது இதுக்கும் வருது. இதைத் தைக்காம வேற எதைத் தைக்கச் சொல்லுத?”

முதலில் நான் வரைந்தது பன்றியாக வந்தது. இரண்டாவது ஆமை. டிசைன் புத்தகத்து மிருகங்கள் எல்லாம் தைக்கிறவளின் வசதிக்காக வளைந்து கொடுப்பவை. மானுக்குக் கழுத்து வளையும், மயிலுக்குத் தோகை விரியும். இதற்கு வளையவே எதுவும் இல்லை. நாலைந்து நாள் மாலையில் உட்கார்ந்து, கையேட்டுப் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கினேன். ஒரு வழியாக நடந்து போகும் தாயும், பின்னால் வரிசையாக நாலு குட்டிகளும் வந்தன.

நிறம்தான் தெரியவில்லை. படம் கறுப்பு வெள்ளை. ஆய்வாளரைக் கேட்டால், “நான் எங்கம்மா பாத்தேன்?” என்றார். அம்மா நூல் டப்பாவைத் தரையில் கொட்டினாள். பழுப்பு, செங்கல், காப்பிக் கொட்டை நிறம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முன்கையின்மேல் வைத்துப் பார்த்தாள். எந்த நூல் தோலோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதோ, அதைத் தனியாக எடுத்து வைத்தாள். மற்ற நூல்களை நான் திரும்ப டப்பாவில் போட்டேன்.

தைத்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. சுண்டுவிரலில் உணர்ச்சி இல்லாததால் ஊசி எங்கே போகிறது என்று விரல் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் துணியைத் திருப்பி அடியில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த குத்துக்குப் போவாள். பட்டைகளுக்குச் சங்கிலித் தையல், ஓட்டின் புள்ளிகளுக்கு முடிச்சுத் தையல், வாலுக்கு வளையம் வளையமாக நெருக்கித் தைத்தாள். அப்பா வந்து பார்த்துவிட்டு, “இது எங்க ஊருக் காட்டுப் பக்கம் கிடக்குமே, அழுங்கு, அதுல்லா?” என்றார். அழுங்கு என்கிற எறும்புதின்னி இல்லை, இது வேறு என்று நான் விளக்கியதும் முகம் சுருங்கிப்போய், “ஒரு மயிலு போட்டா என்ன?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

திரையை வாசலில் மாட்டிய அன்று காலையிலேயே எதிர்வீட்டு அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

“இன்னாக்கா இது? ஆமையும் பெருச்சாளியும் கண்ணாலம் கட்டிகினா மாரி கீது!”

அம்மா படிக்கட்டில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். “ஆர்மடில்லோன்னு பேரு. எனக்கு வந்திருக்கிற நோய் இதுக்கும் வரும்.”

“உனுக்கு இன்னா நோயி?”

“தொழுநோய்.”

வீட்டுக்கு வெளியே அவள் அந்தச் சொல்லை உச்சரித்தது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. “அப்டியா” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கதவு எங்கள் பக்கம் திறக்கவே இல்லை. அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தட்டில் போட்டு எனக்கும் தனக்கும் எடுத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்துக் காட்டுப்பாக்கத்திலிருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வேலப்பன்சாவடி, நம் சபை, நல்ல வேலை. பெண் பார்க்க வரும் நாளுக்கு முதல்நாளே அத்தை வந்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். சமையலறையை விட்டு வெளியே வர வேண்டாம். வாசல் திரை கூடவே கூடாது. மறுநாள் காலையில் அப்பாவே திரையைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னால் தாங்க முடியாதது அதுதான். ஊரே ஒதுக்கியபோது அசையாதவள், எனக்காக என்றதும் சமையலறை மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முழுக்கை ரவிக்கை. அந்த வெயிலில்.

நான் பட்டுப் புடவையோடு பெட்டியைத் திறந்து திரையை எடுத்தேன். முக்காலியை வாங்கிப் போய் அதில் ஏறி, கம்பியில் கோத்து மாட்டினேன்.

“என்னம்மா பண்ணுத?” அப்பா பதறினார்.

“அம்மா வெளிய வராட்டி நானும் வர மாட்டேன். நீங்களே காப்பி கொடுத்து அனுப்பிடுங்க.”

“ஒன் வாழ்க்கையை நீயே கெடுத்துக்காதே” என்றார் அத்தை. அதற்குள் கேட்டருகே கார் வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழையும்போதே திரையைப் பிடித்துப் பார்த்தார். “நல்ல கைவேலை. இது என்ன மிருகம்?” என்று பொதுவாகக் கேட்டார். அத்தை, “சும்மா, ஏதோ ஃபாரின் டிசைன்” என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவது அப்போது வழக்கமில்லை. திரைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த நான் பேசினேன். என்ன பிராணி, அதை வைத்து என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள், ஏன் எங்கள் வாசலில் தொங்குகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அந்த அம்மாள், அத்தை கொண்டுவந்து கொடுத்திருந்த காப்பி டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தார். மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். முழுக்கை ரவிக்கையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தாள்.

“மருந்து சாப்பிடுதேன். யாருக்கும் ஒட்டாது” என்றாள். “காப்பியும் நான்தான் போட்டேன். முதல்லயே சொல்லிடுதேன்.”

அவர்கள் போய்விட்டார்கள். அத்தையும் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்பா மூன்று நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. நாலாம் நாள் மாலை வேலையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமலேயே திரை முன்னால் நின்றார். விரலால் பட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

“இது தப்பு” என்றார்.

“எது தப்பு?” என்று கேட்டேன்.

“தகடு இப்படிப் பக்கத்துப் பக்கத்துல நிக்காது. ஒண்ணுமேல ஒண்ணு கொஞ்சம் ஏறிப் படியணும். இல்லன்னா அது திரும்பும்போது நடுவுல இடுக்கு விழுந்திரும். இருபது வருசமா எனக்கு அதுதானே வேலை.” என் பென்சிலை வாங்கி, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் எப்படிப் படிய வேண்டும் என்று வரைந்து காட்டினார். அம்மா தாயின் முதுகுப் பட்டைகளைப் பிரித்து முழுவதையும் மறுபடி தைத்தாள். அப்பா சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகுதான் அது நடக்கத் தொடங்கியது.

அந்த வாரமே எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. அக்கா நேராக உள்ளே வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு உன் பொண்ணு பேசுனது அத்தினியும் எங்க ஊட்டுல கேட்டுது” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீ கொஞ்சம் வெளிய போம்மே” என்றாள். அம்மா, “அவ இருக்கட்டும்” என்றாள். அக்கா புடவையை விலக்கித் தோளுக்குப் பின்னால் இருந்த ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினாள். “ரொம்ப நாளா கீது. எங்க ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நீ கதவாண்ட அத்த மாட்டினப்போ எனுக்கும் அதானோன்னு பயம் வந்துடுச்சுக்கா. அதான் மூஞ்சியே காட்டல.”

அம்மா பஞ்சை எடுத்து, டாக்டர் செய்தபடியே தொட்டாள். “தெரியுதா?”

“கூசுது, எடு!” என்றாள் அக்கா.

“அப்ப ஒனக்கு ஒண்ணுமில்ல. ஆனாலும் போய்க் காட்டிடு.” மருத்துவமனையில் அது வெறும் தேமல் என்றார்கள். அக்கா திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. பிறகு குடியிருப்பு முழுக்க அவளே போய்ச் சொன்னாள். அவளுக்கு அடக்கிப் பேச வராது. அதற்கப்புறம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பின்மதியத்தில், ஆண்கள் வேலையில் இருக்கும்போது, ஏதோ தையல் கேட்க வந்தவர்கள்போல வந்து திரையைப் பார்த்தபடி நிற்பார்கள். அம்மா, “உள்ள வாங்க” என்பாள். பலருக்கும் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு இருந்தது. அவர்களை அம்மாவே ஆட்டோவில் அழைத்துப் போனாள்.

எனக்கு இன்னும் இரண்டு வரன்கள் வந்து போயின. திரையை நாங்கள் இறக்கவில்லை. நாலாவதாகத் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர் பூந்தமல்லியில் நர்ஸாக இருந்த ஒரு பெண்மணி. எல்லாவற்றையும் கேள்விப்பட்டே வந்திருந்ததால் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. திரையைப் புரட்டிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார். “பின்னாடியும் முடிச்சு தெரியலையே. உணர்ச்சி இல்லாத விரலை வெச்சுக்கிட்டா இப்படித் தெச்சீங்க?” என்று அம்மாவிடம் கேட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அவர் மருமகளாகப் போனேன்.

அம்மா மருந்தை முடித்தாள். தோலின் கறுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. சுண்டுவிரல் மட்டும் திரும்பவில்லை. ஆய்வாளர் அவளுடைய சிகிச்சை அட்டையில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தபோது ஒரு வேண்டுகோள் வைத்தார். தங்கள் தொழுநோய் கிளினிக் சுவரில் மாட்ட அதே மாதிரி ஒன்று தைத்துத் தர முடியுமா? அங்கே வருகிறவர்கள் தலை குனிந்தபடியே உட்கார்ந்திருக்கிறார்கள், நிமிர்ந்து பார்க்க ஏதாவது இருக்கட்டும்.

“தாரேன். கீழே என் பேரைப் போடுவேன்” என்றாள் அம்மா.

அவர் தயங்கினார். “நோயாளிங்க பேரை வெளிய காட்டக் கூடாதும்மா. அது உங்க நன்மைக்குத்தான்.”

“நோயாளி பேரை நீங்க காட்ட வேண்டாம். இது தச்சவ பேரு.”

அவர் சம்மதித்தார். இந்தத் தடவை படம் வரைய அம்மா என்னைக் கேட்கவில்லை; தானே நேராகத் துணியில் பென்சிலால் வரைந்தாள். தாய் இன்னும் கொஞ்சம் பெரிதாக, மூக்கைத் தூக்கியபடி வந்தது. அடியில் சிவப்பு நூலால் தன் முழுப் பெயரையும், அப்பாவின் பெயரையும், எங்கள் குவார்ட்டர்ஸ் கதவு எண்ணையும் தைத்தாள். எண் எதற்கு என்று கேட்டேன்.

“சந்தேகம் கேக்க வாரவங்களுக்கு வழி தெரியாண்டாமா?” என்றாள்.